ஊர்விலக்கும் உலாவிலக்கும்

2024 சனவரி இரண்டாவது வாரம். கண்ணமங்கலம் கூட்ரோட்டில் ஒரு டீக்கடை. வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகிற பஸ் நின்று, ஆளை இறக்கிவிட்டுக் கிளம்பிற்று. பேப்பரை விரித்து வைத்திருந்த ஒருவர் கடையே கேட்கிற மாதிரி சொன்னார்: "இனிமே மாலத்தீவு பக்கம் தலவெச்சும் படுக்க மாட்டேன். நமக்கு நாடுதான் முக்கியம்." எனக்கு அவரைத் தெரியும். ஆடி வெள்ளிக்குப் படவேட்டு ரேணுகாம்பாள், பௌர்ணமிக்கு அண்ணாமலையார் கிரிவலம், வருஷத்துக்கு ஒரு தபா திருப்பதி. அதற்கு அப்பால் அவர் கால் பட்ட மண் கிடையாது. பாஸ்போர்ட்டும் கிடையாது. போகாத ஊருக்கு வழி கேட்பவர்களைப் பார்த்திருக்கிறோம். போகாத ஊரைப் புறக்கணிக்கிறவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்துவிட்டு டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தச் சிரிப்பு இரண்டு மாசம்கூட நிற்கவில்லை. மார்ச்சில் என் சின்னம்மா மகன் ஒரு தோள்பையோடு திரும்பி வந்து நின்றான். வேலூரில் கேட்டரிங் படித்தவன். ஏஜெண்டுக்கு ஒன்றரை லட்சம் கட்டி மாலத்தீவில் மாஃபுஷி என்கிற தீவில் ஒரு சின்ன விடுதிக்கு வேலைக்குப் போயிருந்தான். படுக்கை விரிப்பு மாற்றுவது, துணி துவைப்பது, காலையில் தோசை ஊற்றுவது எல்லாம் அவன்தான். "இன்னாடா ஆச்சு?" என்றேன். "நம்ப ஊர்க்காரங்க வர்றதே நின்னுபோச்சுண்ணா. பதினோரு ரூம்ல ரெண்டு ரூம்தான் ஓடுச்சு. மொதலாளி நல்லவருதான், அவரு இன்னா பண்ணுவாரு? ரெண்டு பங்களாதேஷ் பசங்க, நானு, மூணு பேரையும் போகச் சொல்லிட்டாரு" என்றான். ஏஜெண்டுக்குக் கட்டிய கடனில் பாதிகூட அடையவில்லை. சின்னம்மாவின் கம்மல் ஆரணியில் சேட்டுக் கடையில் இருந்தது. இருக்கிறது.

தேசம் பழிவாங்கிய கதை இது. யாரைப் பழிவாங்கியது என்பதைத்தான் நான் எழுத வந்திருக்கிறேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 சனவரி முதல் வாரம் பிரதமர் மோடி லட்சத்தீவுக்குப் போய்வந்தார். படங்கள் வெளியாயின. மாலத்தீவு அரசின் துணை அமைச்சர்கள் மூன்று பேர் அவரைக் கேவலமாக எழுதினார்கள். எழுதியது அயோக்கியத்தனம்தான். அந்த அரசே அவர்களை இடைநீக்கம் செய்துவிட்டது. ஆனால் இங்கே நடிகர்களும் கிரிக்கெட்காரர்களும் லட்சத்தீவைப் பாருங்கள் என்று கிளம்பினார்கள். ஈஸ்மைட்ரிப் நிறுவனம் மாலத்தீவுக்கு விமான முன்பதிவையே நிறுத்திவைத்தது. 2023இல் இந்தியாவிலிருந்து மாலத்தீவுக்குப் போனவர்கள் ஏறக்குறைய 2 லட்சத்து 9 ஆயிரம் பேர். அந்த வருஷம் எந்த நாட்டுக்காரரையும்விட நாம்தான் அதிகம். 2024இல் அது சுமார் 1 லட்சத்து 30 ஆயிரமாக விழுந்தது. ஜெயித்துவிட்டோம் என்று குதித்தார்கள்.

அதே 2024இல் மாலத்தீவுக்கு வந்த மொத்தச் சுற்றுலாப் பயணிகள் எவ்வளவு தெரியுமா? 20 லட்சத்துக்கும் மேல். அந்த நாட்டு வரலாற்றிலேயே அதுவரை அப்படி ஒரு கூட்டம் வந்ததில்லை. அடிபட்ட அதே வாரத்தில் அதிபர் முய்சு சீனாவில் இருந்தார்; இன்னும் அதிகம் பேரை அனுப்புங்கள் என்று கேட்டார், அவர்களும் அனுப்பினார்கள். ஆக, நாடு சாயவில்லை. கண்ணாடித் தரைபோட்ட நீர்மாளிகை வைத்திருக்கிற ரிசார்ட் முதலாளி சாயவில்லை. அவனுக்கு ஐரோப்பியன் போனால் சீனன், சீனன் போனால் ருஷ்யன். சாய்ந்தது யார்? மாலத்தீவில் 2009 வாக்கில்தான் மக்கள் குடியிருக்கிற தீவுகளில் சாதாரண ஆட்கள் சின்ன விடுதி நடத்த அனுமதி வந்தது. அதுவரைக்கும் சுற்றுலா என்றால் தனித்தீவு, தனி முதலாளி. மீன்பிடித்தவனும் படகு ஓட்டியவனும் வங்கியில் கடன்வாங்கி நாலு அறை கட்டினான். சிக்கனமாகப் பயணம் போகிற இந்திய நடுத்தர வர்க்கம் தங்கியது அங்கேதான். அது வராமல் போனதும் படுத்தது அவன் விடுதி. அவனுக்கும் கீழே இருந்த வங்காளி, கீழே இருந்த என் தம்பி. மேலே எறிந்த கல் நேராகக் கீழேதான் வந்து விழுந்தது.

இதற்குத் தமிழில் என்ன பெயர்? புறக்கணிப்பு என்கிறார்கள். எம்.ஏ. தமிழ் படித்தவன் என்பதால் சொல்லைப் பிரித்துப் பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. புறம் என்று கணிப்பது. இவன் உள்ளே, இவன் வெளியே என்று கணக்குப் போட்டு ஒதுக்குவது. பண்டிதர்கள் வேறு மாதிரி பிரிக்கலாம், எனக்குக் கவலையில்லை. இந்தச் சொல் எங்கள் தெருவுக்குப் பொருளோடுதான் வந்து சேர்ந்தது.

எனக்குப் பத்து வயசு இருக்கும். கண்ணமங்கலத்திலிருந்து படவேடு போகிற பக்கத்தில் எங்கள் ஊர். ஊர் என்று சொல்லக்கூடாது, ஊரை ஒட்டிய காலனி. பெயர் வேண்டாம், பெயர் சொன்னால் அந்த ஊரோடு விஷயம் முடிந்துவிடும். எங்கள் பையன்கள் நாலைந்து பேர் கூடி, இனி ஊர்ச் சாவுக்குப் பறையடிக்கப் போவதில்லை என்று முடிவெடுத்தார்கள். நைனாவும் கையைத் தூக்கினார். அடுத்த சாவுக்கு யாரும் போகவில்லை. மறுநாள் ஊர்க்கூட்டம். அதற்கு மறுநாள் கழனி வேலைக்குப் போனவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். பால் ஊற்றப் போன எங்கள் பெரிம்மாவின் பாலை வாங்கவில்லை. கடையில் மண்ணெண்ணெய் இல்லை, உப்பு இல்லை. ஆயா அடிக்கடி சொல்லும்: "கடக்காரன் போன்னு சொல்லல. வான்னும் சொல்லல. என் சத்தம் காதுல உழாத மாதிரி நின்னுக்கினு இருந்தான்." நைனா கண்ணமங்கலம் வரைக்கும் நடந்துபோய் அரிசி வாங்கிவருவார். நாற்பது நாள் தாண்டியது. கடைசியில் எங்கள் பெரியவர்கள் இரண்டு பேர் ஊர்க்கூட்டத்தில் விழுந்து கும்பிட்டு, ஐநூற்று ஒரு ரூபாய் தெண்டம் கட்டினார்கள். நைனா மறுபடி பறையைத் தொடவில்லை. ஆரணிக்கு ரைஸ்மில்லில் மூட்டை தூக்கப் போய்விட்டார்.

இந்தக் கதையில் ஒரு புறக்கணிப்பு அல்ல, இரண்டு இருக்கிறது என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் கண்டுகொண்டேன். எங்கள் பையன்கள் பறையை நிறுத்தியதும் புறக்கணிப்புதான். ஊர் எங்களுக்கு உப்பை நிறுத்தியதும் புறக்கணிப்புதான். ஆனால் ஒன்று, என் உழைப்பை, என் இழிவை இனி உனக்குத் தரமாட்டேன் என்பது. மற்றது, நீ உயிர்வாழ்வதற்கான வழியை அடைப்பேன் என்பது. முதலாவதைச் செய்கிறவன் தன் வயிற்றைப் பணயம் வைக்கிறான். இரண்டாவதைச் செய்கிறவன் அடுத்தவன் வயிற்றைப் பணயம் வைக்கிறான். ஒரே சொல்லால் இரண்டையும் குறிக்கிற மொழி எவன் வசதிக்கு உருவானது?

இரண்டாவதன் லட்சணத்தை வெள்ளைக்காரன் காலத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். பம்பாய் மாகாணத்தில் 1928இல் போட்ட ஸ்டார்ட் கமிட்டி, அதில் அண்ணல் அம்பேத்கரும் ஓர் உறுப்பினர், 1930இல் அறிக்கை தந்தது. நிலத்தை விட்டு விரட்டுவது, கூலி வேலையை நிறுத்துவது, வழியை மறிப்பது, கடையில் சாமான் தர மறுப்பது எல்லாம் அதில் இருக்கிறது. எங்கள் ஆயா அந்த அறிக்கையைப் படிக்கவில்லை. அறிக்கைதான் ஆயாவைப் படித்திருந்தது. சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தெளிவாகக் குற்றமாக எழுதப்பட்டது 2015 திருத்தத்தில்தான்; அமலுக்கு வந்தது 2016 சனவரி 26. எண்பத்தைந்து வருஷம் ஆயிற்று, எழுதுவதற்கு.

எழுதிய பிறகாவது? 2022 செப்டம்பர். தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மிட்டாய் வாங்கப் போகிறார்கள். ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, இனிமேல் உங்கள் தெரு ஆட்களுக்கு எதுவும் தரக்கூடாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொல்கிறார். அவரே படமும் பிடிக்கிறார்! அது எத்தனை தைரியம், எத்தனை நிம்மதி. நாடே பார்த்தது. கைது நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள். நல்லது. இப்போது ஒன்று கேட்கிறேன். மூன்று துணை அமைச்சர்கள் எழுதிய நாலு வரிக்காக ஒரு நாட்டுக்கே விமானத்தை நிறுத்தியவர்கள், மிட்டாய் கேட்ட பிள்ளைகளுக்காகக் குற்றாலத்துக்கு ஓர் அறை முன்பதிவை நிறுத்தினார்களா? குற்றாலமும் அதே தென்காசி மாவட்டம்தானே? ஒரு நடிகராவது, குற்றாலம் வேண்டாம் என்றாரா? இல்லை. அவமானம் என்பது அவர்கள் வீட்டு வாசலில் நடந்தால்தான் அவமானம்.

எங்கள் மாவட்டத்திலேயே தென்முடியனூர் இருக்கிறது. 2023 சனவரி 30 அன்று போலீஸ் காவலோடு தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் முதல் தடவையாகப் போனார்கள். சொந்த ஊர்க் கோயிலுக்குப் போக போலீஸ் வேன். இதைச் சுற்றுலா என்று சொல்லலாமா? எங்களுக்குச் சில தூரங்கள் அப்படித்தான். மாலத்தீவு பக்கம், மாரியம்மன் கோயில் தூரம்.

சுற்றுலா என்கிற சொல்லையும் விடப்போவதில்லை. சுற்று, உலா. உலா என்றால் என்ன? ராசாவோ சாமியோ யானை மேல் வீதிவலம் வருவது. பேதை முதல் பேரிளம்பெண் வரைக்கும் ஏழு பருவத்துப் பெண்களும் தெருவில் நின்று பார்த்து மயங்குவது. ஒட்டக்கூத்தர் மூன்று சோழர்களுக்குப் பாடினார், மூவர் உலா. வகுப்பில் வாத்தியார் உருகி உருகி நடத்தினார். எந்தத் தெரு சார், எங்க தெருவுக்கு அந்த யானை வந்துச்சா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை, இண்டர்னல் மார்க் அவர் கையில் இருந்தது. உலா என்பது தொடக்கத்திலிருந்தே தெருக்களைப் பிரித்த விஷயம். எங்கள் காலனி முனையோடு தேர் திரும்பிவிடும்.

அம்பேத்கரும் ஒருமுறை உலாப் போனார். 1934. தோழர்கள் முப்பது பேர் போலச் சேர்ந்து வேரூள் குகைகளைப் பார்க்கப் புறப்பட்டார்கள், வழியில் தௌலதாபாத் கோட்டை. நிஜாம் ராச்சியம். தூசி படிந்த கை காலை வாசலில் இருந்த குளத்துத் தண்ணீரில் கழுவினார்கள். குளம் தீட்டாகிவிட்டது என்று ஒரு முஸ்லிம் கிழவர் கத்திக்கொண்டு ஓடிவந்தார், கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் கோட்டையைப் பார்க்கவிட்டார்கள், உள்ளே எங்கேயும் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் வைத்த சிப்பாய் ஒருவன் கூடவே வர. கொலம்பியாவில் படித்தவர், லண்டனில் பாரிஸ்டர், வட்டமேசையில் உட்கார்ந்தவர். அவர் சுற்றுலா போன கதை இது. விசாவுக்காகக் காத்திருத்தல் என்று அந்த நினைவுக் குறிப்புகளுக்குத் தலைப்பு வைத்தாரே, அந்தக் கசப்பைச் சுற்றுலா நிறுவனங்கள் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும். போவதற்கு உரிமை இருந்தவனுக்குத்தான் போகமாட்டேன் என்கிற வீரமும் இருக்கும்.

இங்கே சில தோழர்கள் குறுக்கே வருவார்கள். தெரியும். "அப்படியானால் எந்த ஊரையும் புறக்கணிக்கக் கூடாதா? ஏழைத் தொழிலாளி பாதிக்கப்படுவான் என்பது முதலாளி வழக்கமாகப் பாடுகிற பாட்டுத்தானே?" ஆமாம், பாட்டுத்தான். தென்னாப்பிரிக்காவின் மேல் பொருளாதாரத் தடை கூடாது, கறுப்புத் தொழிலாளி கஷ்டப்படுவான் என்று எண்பதுகளில் மார்கரெட் தாட்சர் உருகினாரே! அந்த உருக்கத்தை நான் தோளில் போட்டுக்கொள்ளப் போவதில்லை.

ஆனால் தென்னாப்பிரிக்காவில் நடந்ததைச் சரியாகப் பாருங்கள். எங்கள் நாட்டைப் புறக்கணியுங்கள் என்று கேட்டது யார்? ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசின் ஆல்பர்ட் லுதுலி 1959இல் கேட்டார். எங்கள் மக்களுக்கும் இதனால் துன்பம் வரும், தெரிந்துதான் கேட்கிறோம், அந்த விலையை நாங்களே கொடுக்கிறோம் என்கிற பொருளில் சொன்னார். பட்டினியைப் பணயம் வைத்தவன் பட்டினி கிடக்கிறவன். எங்கள் பையன்கள் பறையை நிறுத்திய மாதிரி. இந்தியா 1946இலேயே அந்த நாட்டோடு வியாபாரத்தை முறித்துக்கொண்டது. நம் பாஸ்போர்ட்டில் தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லாது என்று அச்சடித்த காலம் ஒன்று இருந்தது. 1979இல் போபுதட்ஸ்வானா என்று ஒரு பொம்மை நாட்டைக் காட்டி அதற்குள் சன் சிட்டி என்கிற சூதாட்டச் சொகுசு நகரத்தைத் திறந்தார்கள். கறுப்பர்களை நிலத்திலிருந்து பிடுங்கி நட்ட இடம் அது. 1985இல் உலகப் பாடகர்கள் கூடி, அங்கே பாடமாட்டோம் என்றே ஒரு பாட்டை வெளியிட்டார்கள். அதுவும் உலாவிலக்குதான். அதற்கு நான் கைதட்டுவேன்.

அமெரிக்காவில் இன்னொன்று. தெற்கு கரோலினா சட்டமன்றத்தில் அடிமைக்காரர்களின் போர்க்கொடி பறந்துகொண்டிருந்தது. கொடியை இறக்கும்வரை இந்த மாநிலத்துக்குச் சுற்றுலா வராதீர்கள் என்று கறுப்பின மக்களின் அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. 2000 சனவரியில் அழைப்பு விட்டது. மாநாடுகள் இடம் மாறின. கடற்கரை ஓட்டல்களில் வேலைசெய்கிற கறுப்புப் பெண்களுக்கும் அதில் அடி உண்டு. ஆனால் அழைத்தது அவர்கள் சனம். கொடியைக் குவிமாடத்திலிருந்து இறக்கி வளாகத்தில் கம்பம் நட்டு ஏமாற்றினார்கள். இவர்கள் விலக்கை விடவில்லை. பதினைந்து வருஷம். கடைசியில் கொடி இறங்கியது 2015 சூலையில், சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது கறுப்பர்களை ஒரு வெள்ளை வெறியன் சுட்டுக்கொன்ற பிறகு. புறக்கணிப்பு மட்டுமே கொடியை இறக்கியது என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஒன்பது பிணம் தேவைப்பட்டது. ஆனாலும் பதினைந்து வருஷம் அந்தக் கொடி நிம்மதியாகப் பறக்கவில்லை.

பர்மாவையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் வசதிக்கு அடங்காத உதாரணம். ராணுவ ஆட்சி 1996ஐ மியான்மர் சுற்றுலா ஆண்டு என்றது. மாண்டலே அரண்மனை அகழியைத் தூர்வார மக்களைக் கூலியில்லாமல் பிடித்து இழுத்தார்கள். பகானில் கோயில்களுக்கு நடுவே காலங்காலமாக வாழ்ந்தவர்களை 1990லேயே பெயர்த்து வேறு இடத்தில் கொட்டியிருந்தார்கள். வராதீர்கள் என்றார் ஆங் சான் சூ கி. உலகம் ஓரளவு கேட்டது. அவரே பிறகு ஆட்சிக்கு வந்து, 2017இல் ரோஹிங்கியாக்களை வெட்டி விரட்டியபோது ராணுவத்துக்காக வக்காலத்து வாங்கினார். ஆகவே, கேட்கிறவர் பெயரைப் பார்த்து அல்ல, கேட்கிறவர் அந்த நேரத்தில் எங்கே நிற்கிறார் என்று பார்த்துக் கேட்க வேண்டும். அரண்மனையிலா, அகழியிலா?

இப்போது லட்சத்தீவுக்கு வாருங்கள். மாலத்தீவு வேண்டாம், லட்சத்தீவு போங்கள் என்றார்களே, அந்தத் தீவுக்காரர்கள் யார்? பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பட்டியல் பழங்குடியினர். 2011 கணக்குப்படி மொத்தமே 64 ஆயிரம் சொச்சம் பேர். 2021இல் நிர்வாகி கொண்டுவந்த வரைவுச் சட்டங்கள் எங்கள் நிலத்தைப் பறிக்கும் என்று அவர்கள் பட்டினிப் போராட்டம் இருந்தார்கள், மீனவர்களின் கடலோரக் கொட்டகைகளை இடித்ததை எதிர்த்தார்கள். அப்போது அவர்களுக்காக எழுதிய நடிகர்கள் சிலர்தான். மூன்று வருஷம் கழித்து அதே கடற்கரை தேசபக்திக்குத் தேவைப்பட்டது. கடற்கரை தேவைப்பட்டது, ஆட்கள் அல்ல. நீங்கள் வரலாமா என்று அவர்களை யாராவது கேட்டார்களா? புறக்கணிக்கப்பட்ட தீவும் சரி, அழைக்கப்பட்ட தீவும் சரி, பேச்சுக்கே இடமில்லாத பொருட்கள்.

2025 மே மாதம் துருக்கியும் அஜர்பைஜானும் பட்டியலில் சேர்ந்தன. 2024இல் துருக்கிக்குப் போன வெளிநாட்டவர் 5 கோடிக்கும் மேல், அதில் நம்மவர் சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முந்தின மாதம், ஏப்ரல் 22, பஹல்காமில் 26 பேரைக் கொன்றார்கள். பயந்துபோய்ப் பயணத்தை ரத்துசெய்த குடும்பங்களை நான் குறைசொல்லவே மாட்டேன், உயிர்ப் பயம் நியாயமானது. ஆனால் காஷ்மீரிக்கு ஒரு பைசா தராதே என்று கிளம்பிய குரல் பயத்திலிருந்து வந்ததல்ல. அந்த 26 பேரில் ஒருவர் குதிரை இழுத்துப் பிழைத்த உள்ளூர்க்காரர். பாதிக்கு மேற்பட்ட சுற்றுலா இடங்களை அரசு மூடியதும், குதிரைக்காரனும் சால்வைக்காரனும் சும்மா உட்கார்ந்தார்கள். கொன்றவன் எவனும் குதிரை இழுத்துப் பிழைப்பவன் அல்லவே.

இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு இன்னும் கிட்டத்தில் ஒன்று. சென்ற வருஷம் ஒரு மாணவர் இலங்கைச் சுற்றுலாவைப் புறக்கணிப்போம் என்ற அறிக்கையில் என் கையெழுத்தைக் கேட்டார். 2013 மாணவர் போராட்டத்தில் நானும் வேலூரில் உட்கார்ந்தவன்தான், முள்ளிவாய்க்கால் எனக்கும் ஆறாத புண்தான். ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. "அங்க யாரு தம்பி கேட்டாங்க?" என்றேன். காங்கேசன்துறையில் ராணுவமே நடத்துகிற தல்செவன விடுதி இருக்கிறது. வலிகாமம் வடக்கில் 1990இல் துரத்தப்பட்ட சனங்களின் மண்ணில் நிற்கிற உல்லாசம் அது. அதைப் பெயர் சொல்லி விலக்கு என்று எழுது, முதல் கையெழுத்து என்னுடையது. ஆனால் நுவரெலியாவில் லயத்தில் கிடக்கிற மலையகத் தமிழச்சி, பயணிக்குத் தேநீர் ஊற்றி நாலு காசு பார்க்கிற பிள்ளை, அவர்களையும் சேர்த்து மூடுவதற்குச் சென்னை அறையில் இருந்து கையெழுத்தா? இன்னொன்றும் சொன்னேன். 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட தமிழர்களை நிறுத்திவைத்தவர்களும் தமிழர்கள்தான், அதற்கு எந்தத் தேசமும் விலக்குப் போடவில்லை. பையனுக்குக் கோபம். போனை வைத்துவிட்டான். அந்த வருஷமே தமிழ்நாட்டிலிருந்து ராமாயண யாத்திரை என்று பஸ் பிடித்து இலங்கையைச் சுற்றினவர்களுக்கு எந்த அறிக்கையும் தேவைப்படவில்லை.

எங்கள் மலையில் முடிக்க வேண்டும், ஏனென்றால் எனக்கு இந்தக் கணக்கு முதலில் புரிந்தது அங்கேதான். 2015 ஏப்ரல் 7. சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டினார்கள் என்று ஆந்திர அதிரடிப் படை தமிழ்நாட்டுக் கூலிகள் இருபது பேரைச் சுட்டுக்கொன்றது. ஜவ்வாது மலைக்காரர்கள், படவேட்டுப் பக்கத்து ஊர்க்காரர்கள், தருமபுரி மலைக்காரர்கள். இங்கே கொதித்தது. ஆந்திரப் பஸ்கள் மேல் கல் விழுந்தது, சில நாள் அந்தப் பக்கத்துப் பஸ் ஓடவில்லை. திருப்பதிக்குப் போகாதே, ஆந்திரா சாமானை வாங்காதே என்றார்கள். நானும் கண்ணமங்கலத்தில் நின்று கத்தினேன். இருபது நாள் போகட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், காட்பாடியில் திருப்பதி வண்டி நிரம்பி வழிந்தது. டீக்கடைக்காரர் சொன்னாரே நாடுதான் முக்கியம் என்று, அவரும் அதில் ஏறினார், மொட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

மலையில் பிணம் வந்த வீட்டுக்குப் போயிருந்தபோது ஓர் அம்மா கேட்டாள், ஆந்திராவுக்குப் பஸ்ஸை நிறுத்திட்டீங்க, சரி, எங்க ஆம்பளைங்கள லாரியில ஏத்திக்கினு போறானே புரோக்கரு, அந்த வண்டிய யாரு நிறுத்துவீங்க? யாரும் பதில் சொல்லவில்லை. அந்த வண்டி எதற்கும் நிற்கவில்லை. ஜமுனாமரத்தூரில் வருஷாவருஷம் கோடை விழா நடக்கிறது. பீமன் அருவிக்கு வேலூர், திருவண்ணாமலையிலிருந்து கார்கள் ஏறுகின்றன. தேன், சாமை, பலாப்பழம் வாங்கிக்கொண்டு இறங்குகின்றன. மலைக்காரர்கள் நாளைக்கு எழுந்து, எங்கள் இருபது பேர் செத்ததற்கு நியாயம் வரும்வரை இந்த மலைக்கு யாரும் வராதீர்கள் என்று சொன்னால்? அவர்கள் பலாப்பழம் விற்காமல் கிடக்கும், தெரிந்தே சொன்னால்? எத்தனை கார் கண்ணமங்கலத்திலேயே திரும்பும்? தேசத்துக்காக மாலத்தீவை விட்ட எத்தனை பேர், மலைக்காக ஓர் அருவியை விடுவார்கள்?

மற்றபடி பெரியவர்கள் சமாதானமாகிவிட்டார்கள். 2024 அக்டோபரில் முய்சு தில்லிக்கு வந்தார், 40 கோடி டாலர் பணப்பரிமாற்ற ஒப்பந்தத்தோடு போனார். 2025 சூலையில் மாலத்தீவின் அறுபதாவது சுதந்திர நாளுக்கு மோடி சிறப்பு விருந்தாளியாகப் போனார், 4850 கோடி ரூபாய் கடனுதவியை அறிவித்தார். கட்டிப்பிடித்துக்கொண்ட படம் எல்லாப் பேப்பரிலும் வந்தது. கூட்ரோட்டு டீக்கடையில் அதே ஆள் அதே பெஞ்சியில் அந்தப் பேப்பரையும் படித்தார்.

தம்பிக்குப் பழைய முதலாளி போனில் பேசி அனுப்பியிருந்தார், இந்தியாக்காரர்கள் மறுபடி வருகிறார்கள், வேண்டுமானால் வா என்று. ஏஜெண்ட் மறுபடி ஒரு லட்சம் கேட்கிறான். போகிறதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு. நான் போயிருந்தேன். சின்னம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "நீதான் பேப்பர்லாம் எழுதுறியேப்பா. இவங்க மறுபடியும் எப்ப சண்ட போட்டுக்குவாங்க? அதுக்குள்ள கம்மல மூட்டுடலாமா?"